நூல் ஒப்படைப்பும் சுங்கத்துறையும்: மும்பையில் தமிழ் நூல் வெளியிடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

மும்பையில் தமிழ் நூல் வெளியிடுகிறவர்களில் பலர் தங்களைப் பதிப்பாளர் என்று சொல்லிக்கொள்வதே இல்லை. தாராவியில் முதல் கவிதைத் தொகுப்பைக் கொண்டுவரும் இளைஞர், முலுண்டில் பணி ஓய்வுக்குப் பிறகு தன்வரலாறு எழுதும் வங்கி அதிகாரி, வெள்ளிவிழா மலருக்கு விளம்பரம் திரட்டும் சங்கச் செயலாளர், கும்பாபிஷேக மலர் போடும் கோயில் கமிட்டி என்று பட்டியல் நீளும். அச்சு வேலை சிவகாசியிலோ சென்னையிலோ முடிந்து, கட்டுகள் ரயிலில் வந்து இறங்கும். விழா நடக்கும், சால்வை போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள். விற்காத பிரதிகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மும்பை வீடுகளில் வேறு எங்கே இடம் இருக்கிறது? இருபது ஆண்டு கழித்து ஓர் ஆய்வு மாணவர் அந்த நூலைத் தேடினால் எந்த நூலகத்திலும் ஒரு பிரதிகூட இருக்காது.

இப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே 1954ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் நான்கு பிரதிகளை நான்கு நூலகங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அபராதம் அதிகபட்சம் ஐம்பது ரூபாய், அத்துடன் நூலின் விலை. எழுபது ஆண்டு கடந்தும் அந்த ஐம்பது ரூபாய் ஐம்பதாகவே நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து ஒரு புத்தகக் கட்டு வந்தாலோ, அதைத் திறந்து பார்க்கவும் தடுக்கவும் பறிக்கவும் சுங்கத்துறைக்கு வலுவான அதிகாரங்கள் இருக்கின்றன. புத்தகம் உள்ளே வருவதில் அரசுக்கு இருக்கும் அக்கறை, வெளியான புத்தகம் நிலைப்பதில் இல்லை என்பதே என் கருத்து. அந்தக் குறையைப் பதிப்பாளர்தான் ஈடுகட்ட வேண்டும்.

பதிப்பாளர் யார் என்று முதலில் தீர்மானியுங்கள்

இந்தத் துறையில் நிலவும் மிகப் பெரிய தவறான எண்ணம், "அதெல்லாம் பிரஸ்காரர் அனுப்பிவிடுவார், அண்ணாச்சி" என்பது. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம், அச்சிட்டவர் தம் மாநில அரசுக்குப் பிரதிகளைக் கொடுக்க வேண்டும் என்றது. அந்தக் கடமை அச்சகத்துடையது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் வேறு. அதில் கடமை முழுக்கப் பதிப்பாளருடையது. இரண்டும் பல்லாண்டுகள் பக்கம் பக்கமாக இருந்ததால் பலர் ஒன்றை இன்னொன்றாக எண்ணிக்கொண்டார்கள்.

இப்போது குழப்பத்துக்கே இடமில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2023ஆம் ஆண்டின் பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் வரம்பில் நூல்கள் இல்லை. ஆகவே சிவகாசி அச்சகத்துக்கு உங்கள் நூலை எங்கும் அனுப்பும் சட்டக் கடமை கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினாலும் பொறுப்பு கைமாறாது. எந்த ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் பதிப்பாளர் தம் சொந்தச் செலவில் ஒப்படைக்க வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்கிறது.

தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் 'வெளியீடு' என்ற வரியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பதிப்பாளர். பணம் வாங்கிக்கொண்டு நூல் போட்டுத் தரும் நிறுவனத்தின் பெயர் இருந்தால் பொறுப்பு அவர்களுடையது. ரசீதின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரோ சங்கத்தின் பெயரோ இருந்தால் நீங்கள்தான் அனுப்ப வேண்டும். சங்க மலர்களில் இந்த வரியே இல்லாமல் போவதும் உண்டு. அடுத்த மலரிலாவது சங்கத்தின் முழுப் பெயர், முகவரி, மாதம், ஆண்டு ஆகியவற்றைப் போடுங்கள்.

எது நூல்?

சட்டத்தின் வரையறை விரிவானது. எந்த மொழியிலும் வெளியாகும் நூல், அதன் தொகுதி, பகுதி, துண்டு வெளியீடு, தனியே அச்சிட்ட இசைத்தாள், வரைபடம் எல்லாமே அடங்கும். பதினாறு பக்கச் சிறு வெளியீடும் நூல்தான். விலை போடாமல் இலவசமாகக் கொடுத்தது என்பதற்காக விலக்கு இல்லை. மின்னூலைப் பற்றி இந்தச் சட்டம் பேசவில்லை. அதே நூலைக் கேட்பவருக்கு மட்டும் அச்சிட்டுத் தரும் முறையில் விற்றால் அது அச்சு நூல்.

மறுபதிப்பில் எழுத்தோ படமோ மாறவில்லை, முந்தைய பதிப்பை ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டீர்கள் என்றால் மீண்டும் கொடுக்க வேண்டாம். ஒரு புதிய முன்னுரை சேர்த்தாலும் அது திருத்திய பதிப்பு, கொடுக்க வேண்டும். முதல் பதிப்பையே கொடுக்காதவருக்கு இந்த விலக்கு உதவாது.

சிற்றிதழ் நடத்துவோருக்கு ஒரு வரி: 1956ஆம் ஆண்டுத் திருத்தம் செய்தி இதழ்களையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பொதுச் செய்தியோ அதைப் பற்றிய கருத்தோ தாங்கும் பருவ இதழானால் ஒவ்வோர் இதழையும் வெளியானவுடன் அனுப்ப வேண்டும்.

அச்சுக்குப் போகும் முன்

ஒவ்வொரு நூலையும் தனித்து அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம். கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியாக வழங்குகிறது. இதற்காக யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். சட்டம் இந்த எண்ணைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் நூலகமும் கடையும் கேட்கும். எண் வாங்கிவிட்டதால் நூலை ஒப்படைத்துவிட்டதாக ஆகாது. காப்புரிமைப் பதிவு மூன்றாவது விஷயம், விருப்பம் இருந்தால் செய்வது. மூன்றும் தனித்தனி அலுவலகங்கள், தனித்தனி வேலைகள்.

நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் பின்பக்கத்தில் ரோமன் எழுத்திலும் அச்சிடுங்கள். மும்பை மைய நூலகத்தில் நூலை வாங்கிப் பதிபவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் படிக்க முடியாத பெயர் பதிவேட்டில் பிழையாக ஏறும். பிழையாக ஏறிய நூலைப் பிறகு எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் எந்த ரோமன் எழுத்தைப் போடுவது என்பதில் சண்டை வேண்டாம். எல்லா நூலிலும் ஒரே மாதிரி போட்டால் போதும்.

நூலில் இந்திய வரைபடம் இருந்தால் இங்கேயே நின்று சரிபாருங்கள். இணையத்தில் கிடைத்த வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் வரைபடத்தோடு பொருந்தாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது 1961ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டப்படி குற்றம்; ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்திலேயே வரைபடங்கள் கிடைக்கின்றன.

எந்தப் பிரதி எங்கே போக வேண்டும்

அச்சகத்திலிருந்து கட்டு வந்தவுடன், விழாவுக்குப் பிரிக்கும் முன், நான்கு பிரதிகளை எடுத்துத் தனியே வையுங்கள். அவை போக வேண்டிய இடங்கள் இவை: தேசிய நூலகம், பெல்வெடியர், அலிப்பூர், கொல்கத்தா 700027. கன்னிமாரா பொது நூலகம், பாந்தியன் சாலை, எழும்பூர், சென்னை 600008. மைய நூலகம், டவுன் ஹால், சாகித் பகத் சிங் சாலை, கோட்டைப் பகுதி, மும்பை 400001. டெல்லி பொது நூலகம், டெல்லி. டெல்லி நூலகத்துக்குப் பல கிளைகள் இருப்பதால், ஒப்படைப்பு நூல்களை வாங்கும் பிரிவின் முகவரியை அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

நான்கு பிரதிகளும் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. கொல்கத்தாவுக்குப் போவது, அச்சிட்டவற்றிலேயே சிறந்த தாளில், படங்களும் வரைபடங்களும் முழுமையாக, நன்றாகக் கட்டித் தைத்த பிரதியாக இருக்க வேண்டும். கெட்டி அட்டையில் நூறும் சாதா அட்டையில் ஐந்நூறும் அடித்திருந்தால் கொல்கத்தாவுக்குக் கெட்டி அட்டை. மற்ற மூன்று நூலகங்களுக்கும் விற்பனைக்காக அதிக எண்ணிக்கையில் அடித்த சாதாப் பிரதி போதும். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கெட்டி அட்டையெல்லாம் மேடையில் இருப்பவர்களுக்குப் போகிறது, ஓரம் மடங்கிய பிரதி கொல்கத்தாவுக்குப் போகிறது.

கொல்கத்தாப் பிரதிக்கு இத்தனை மரியாதை ஏன்? தேசிய நூலகத்துக்கு இந்தச் சட்டப்படி வந்துசேரும் நூல்களைக் கொண்டுதான் மத்திய குறிப்புதவி நூலகம் இந்தியத் தேசிய நூற்பட்டியலைத் தயாரிக்கிறது. தேசிய நூலகத்தின் முதல் நூலகர் பி. எஸ். கேசவன் காலத்தில், 1950களின் இறுதியில் தொடங்கிய பட்டியல் அது. அதில் தமிழ் நூல்களுக்கும் இடம் உண்டு. அனுப்பாத நூல் அதில் ஏறாது. மும்பைத் தமிழரின் எழுத்து என்று பின்னாளில் யாரேனும் கணக்கெடுத்தால் அந்தப் பட்டியலில் ஏறியதுதான் முதலில் கண்ணில் படும்.

அனுப்புவதும் ரசீது வாங்குவதும்

கெடு, நூல் வெளியான நாளிலிருந்து முப்பது நாள். அச்சான நாளும் விழா நாளும் கணக்கில் இல்லை. விழாவுக்கு முன்பே கடையில் வைத்து விற்கத் தொடங்கிவிட்டால் அன்றே நூல் வெளியாகிவிட்டது. மலரில் 'ஜனவரி' என்று அச்சிட்டுவிட்டு மார்ச்சில் விழா வைத்து, எது வெளியான நாள் என்று பிறகு யோசிப்பதைவிட, முதல் பிரதி கைமாறும் நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பிரதியுடனும் ஒரு கடிதம் வையுங்கள். ஆங்கிலத்தில் இருப்பது நல்லது; மும்பைக்கு மராத்தியில் எழுத முடிந்தால் இன்னும் நல்லது. அதில் இருக்க வேண்டியவை: நூலின் பெயர், ஆசிரியர், மொழி, பதிப்பு எண், வெளியான தேதி, பக்கங்கள், விலை, ஐ.எஸ்.பி.என்., பதிப்பாளர் பெயர், முகவரி, தொலைபேசி எண். "1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் 3ஆம் பிரிவின்படி ஒரு பிரதி இத்துடன் அனுப்பப்படுகிறது. 4ஆம் பிரிவின்படி எழுத்துமூல ரசீது அனுப்ப வேண்டுகிறேன்" என்ற இரண்டு வாக்கியங்கள் அவசியம். பிரிவு எண்ணைக் குறிப்பிடாமல் விட்டால் அன்பளிப்பு நூல் என்று எண்ணி வேறு மேசைக்குத் தள்ளிவிடலாம்.

1955ஆம் ஆண்டு விதிகள் இரண்டு வழிகளைச் சொல்கின்றன: பதிவுத் தபால் அல்லது ஆள்மூலம். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனால் சிறு கூடுதல் கட்டணம் கட்டி 'பதிவு' வசதியைச் சேர்த்துக்கொள்ளலாம். முகவரியில் உள்ளவர் அல்லது அவர் அதிகாரம் அளித்தவர் கையில்தான் கொடுப்பார்கள். தபால் நிலையத்தில் வாய்விட்டுக் கேட்டால்தான் அதைச் சேர்ப்பார்கள். சிறு பதிப்பாளர்கள் நம்பியிருந்த பதிவுப் புத்தகத் தபால் சேவை 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எதிர்ப்புக் குரல்களுக்குப் பிறகு 2025 மே மாதம் புத்தகங்களுக்கான 'ஞான் போஸ்ட்' சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. மெதுவாகப் போகும், ஆனால் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ள முடியும். விளம்பரங்கள் நிறைந்த வெளியீடுகளை அதில் ஏற்க மாட்டார்கள், எனவே சங்க மலர்களுக்கு அதை நம்ப வேண்டாம். கொல்கத்தாப் பிரதிக்கு நான் ஸ்பீடு போஸ்ட்டையே சொல்வேன்.

மும்பைக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது: நான்கில் ஒன்றைக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம். சயானிலிருந்தோ செம்பூரிலிருந்தோ ரயிலேறி சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்கினால், பக்கத்திலேயே தலைமைத் தபால் நிலையமான ஜி.பி.ஓ. மூன்று பொட்டலங்களை அங்கே பதிந்துவிட்டு, நடந்தே ஹார்னிமன் சர்க்கிளுக்குப் போகலாம். 1833இல் கட்டி முடித்த டவுன் ஹாலின் அகன்ற படிக்கட்டில் மழைக்காலத்தில் பார்த்து ஏறுங்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று 1804இல் தொடங்கிய ஆசியவியல் சங்கம். மற்றொன்று மாநில அரசின் மைய நூலகம். உங்கள் நூல் போக வேண்டியது இரண்டாவதற்கு. மேசையிலேயே முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'அப்புறம் அனுப்புகிறோம்' என்ற பதிலுக்குத் திரும்பி வராதீர்கள். கடிதத்தின் இரண்டாவது பிரதியைக் கையில் வைத்திருந்தால் அதிலேயே முத்திரை வாங்கிவிடலாம்.

தபாலில் போன மூன்றுக்கும் ரசீது தானாக வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, தபால் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். பொருள் சேர்ந்ததற்கான தபால் துறையின் இணையப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். ரசீது கொடுப்பது நூலகத்தின் சட்டக் கடமை. பணிவோடு கேட்கலாம், கெஞ்ச வேண்டியதில்லை.

ஒப்படைக்காததற்காக நூலகமே நேராக வழக்குப் போட முடியாது. மத்திய அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரி புகார் செய்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். ஐம்பது ரூபாய் அபராதத்துக்கு இத்தனை ஏற்பாடு. பயத்தினால் யாரும் நூல் அனுப்பப் போவதில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

வெளிநாட்டிலிருந்து புத்தகம் வரும்போது

யாழ்ப்பாணத்து ஆய்வு நூல், கோலாலம்பூர்ச் சிறுகதைத் தொகுப்பு, லண்டன் பழம்புத்தகக் கடையில் கிடைத்த மிஷனரி அகராதி. தமிழ் வாசகருக்கு வெளிநாட்டுப் புத்தகம் என்றால் ஆங்கிலப் புத்தகம் மட்டும் அல்ல. அரசுத் தபாலில் வருவது பல்லார்ட் எஸ்டேட்டில் உள்ள வெளிநாட்டுத் தபால் அலுவலகத்தின் வழியாகவும், தனியார் கூரியரில் வருவது சஹார் விமான நிலையப் பகுதியின் கூரியர் முனையம் வழியாகவும் வரும். கப்பலில் வரும் பெட்டிகள் நவ சேவாவில் இறங்கும்.

வரி விஷயம் சுருக்கமானது. அச்சிட்ட நூல்களின் சுங்க வகை எண் 4901. 2019 ஜூலை வரை சுங்க வரி இல்லை. நிர்மலா சீதாராமன் தாக்கல் செய்த அந்த ஆண்டு பட்ஜெட்டில் 5 சதவீத அடிப்படை வரி வந்தது. அந்த வரித் தொகையின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி. நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. போக்குவரத்து, காப்பீடு சேர்த்த மதிப்பு ஒரு லட்சம் என்றால் வரி 5,500 ரூபாய். நாட்காட்டி, குறிப்பேடு, சுவரொட்டி ஆகியவற்றின் வகை எண்ணும் வரியும் வேறு. நூல் பெட்டிக்குள் அன்பளிப்பாக நாட்காட்டியைத் திணித்து அனுப்ப வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு நாட்காட்டிக்காகப் பெட்டி முழுவதும் நிற்கும். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விகிதங்கள் மாறக்கூடும் என்பதால் வரவழைக்கும் முன் சுங்கத்துறையின் 'ஐஸ்கேட்' இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள்.

'பரிசு' என்று எழுதச் சொன்னால் வரி தப்பும் என்ற பழைய யோசனை இப்போது ஆபத்தானது. 2019 டிசம்பர் முதல், தபாலிலும் கூரியரிலும் பரிசு என்ற பெயரில் சுங்க அனுமதி கோரி வரும் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டுமே விலக்கு. முழு வரி கட்டி வரவழைத்தால் சிக்கல் இல்லை. 'வணிக மதிப்பு இல்லை' என்று மொட்டையாக எழுதிய ரசீதும் பயன்படாது. அனுப்புபவர் படிவத்தில் 'அச்சிட்ட நூல்கள்' என்று எழுதி, பெயர், எண்ணிக்கை, உண்மையான விலை எல்லாவற்றையும் போட வேண்டும். பழைய நூலுக்கு விலைச் சீட்டு இல்லாவிட்டால் பணம் அனுப்பிய வங்கிச் சான்றை வைத்திருங்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் எடுத்து வரும் நூல்கள் பயணியின் பொதுச் சலுகை வரம்புக்குள் வரும். பல நூல்களில் ஒவ்வொரு பிரதி இருந்தால் வாசகர். ஒரே நூலில் ஐம்பது பிரதி இருந்தால் வியாபாரி. அதிகாரி அப்படித்தான் பார்ப்பார், அதில் தவறும் இல்லை.

விற்பதற்காக இறக்குமதி செய்வதென்றால் வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு வேண்டும். இணையத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரம் மாறாவிட்டாலும் புதுப்பித்து உறுதிசெய்ய வேண்டும். மறந்தால் குறியீடு செயலிழக்கும், அது சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் தெரியவரும். பிறகு சுங்க முகவர் மூலம் இறக்குமதிப் பட்டியல் தாக்கல் செய்ய வேண்டும். இலங்கையோடும் ஆசியான் நாடுகளோடும் இந்தியாவுக்கு வர்த்தக ஒப்பந்தங்கள் உண்டு. சலுகை கோர வேண்டுமானால் சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் பிறப்பிடச் சான்றை அனுப்புபவர் முன்கூட்டியே வாங்க வேண்டும். இறங்கி முப்பது நாளுக்குள் எடுக்காத சரக்கை விற்றுவிடவும் சுங்கச் சட்டத்தின் 48ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்குள் கிடங்கு வாடகை நூலின் விலையைத் தின்றுவிடும்.

தடுத்து நிறுத்தினால்

அதிகாரி "இது வர முடியாது" என்று சொன்னால், கேட்க வேண்டிய முதல் கேள்வி: எந்த அறிவிக்கை, என்ன தேதி?

இது வீம்புக் கேள்வி அல்ல. சல்மான் ருஷ்டியின் 'சாத்தானிக் வெர்சஸ்' நாவலை இறக்குமதி செய்ய 1988 அக்டோபர் 5ஆம் தேதி அறிவிக்கையால் தடை வந்தது என்று நாடே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. அந்த அறிவிக்கையை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2019இல் வழக்குப் போட்டபோது, எந்தத் துறையாலும் அதை எடுத்துக் காட்ட முடியவில்லை. அப்படி ஒன்று இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது என்று கூறி 2024 நவம்பரில் நீதிமன்றம் வழக்கை முடித்தது. ஒரு தடையின் மூலத்தாளையே பத்திரப்படுத்தாத நிர்வாகத்திடம் தாளைக் கேட்பது குடிமகனின் கடமை.

பொதுவான தடைகள் சுங்கச் சட்டத்தின் 11ஆம் பிரிவின் கீழ் வெளியான அறிவிக்கைகளில் இருக்கின்றன. ஆபாச நூல், படம் போன்றவற்றைத் தடுக்கும் 1964 ஜனவரி 18ஆம் தேதி அறிவிக்கை இன்றும் பயன்படுகிறது. மும்பையில் அண்மையில் அது பெரிய செய்தியானது. ஓவியர்கள் எஃப். என். சூசா, அக்பர் பதம்சீ ஆகியோரின் ஏழு படைப்புகளை பிரிட்டனிலிருந்து வரவழைத்தவரிடமிருந்து, அவை ஆபாசம் என்று சொல்லி மும்பை சுங்கத்துறை பறிமுதல் செய்தது. நிர்வாணமான ஒவ்வோர் ஓவியமும் ஆபாசம் ஆகிவிடாது என்று கூறி, 2024 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. கோயில் சிற்பக்கலை நூல்களை வரவழைப்பவர்கள் இந்தத் தீர்ப்பின் நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது.

மாநில அரசின் பறிமுதல் அறிவிப்பு இதிலிருந்து வேறானது. அது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவில் வருகிறது. நூல் உள்நாட்டில் அச்சானதாகவும் இருக்கலாம். இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். சிவாஜியைப் பற்றிய ஓர் ஆய்வு நூலை 2004இல் மகாராஷ்டிர அரசு இப்படித்தான் பறிமுதல் செய்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2007இல் அதை ரத்து செய்ய, உச்ச நீதிமன்றம் 2010இல் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. ஆறு ஆண்டுகள். தீர்ப்பு வரும்போது நூலைப் பற்றிய பேச்சே ஓய்ந்திருக்கும் என்பதுதான் இத்தகைய தடைகளின் உண்மையான பலன்.

சுங்கத்துறை நூலைக் கைப்பற்றினால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். கைப்பற்றியதற்கான ஆவணத்தை நூல்களின் பெயர், எண்ணிக்கையோடு எழுத்தில் வாங்குங்கள். அச்சடித்த ஒரு தாளை நீட்டி, 'நோட்டீஸ் வேண்டாம், விசாரணை வேண்டாம்' என்ற வாசகத்தின் கீழ்க் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். காரணம் கூறும் நோட்டீஸ், பதில் தரும் வாய்ப்பு, நேர்முக விசாரணை ஆகிய மூன்றும் 124ஆம் பிரிவு உங்களுக்குத் தரும் உரிமை. கைப்பற்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் வர வேண்டும். காரணத்தைப் பதிவு செய்து, கெடு முடியும் முன் உங்களுக்குத் தெரிவித்து, இன்னும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். அதற்குள்ளும் நோட்டீஸ் வராவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும். இடைக்காலத்தில் பிணைப் பத்திரம் கொடுத்து நூலை விடுவிக்க 110ஏ பிரிவில் கேட்கலாம். பறிமுதல் ஆணை வந்தால் அறுபது நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். எங்கே தாக்கல் செய்வது என்பது ஆணையிலேயே இருக்கும்.

இதே துறை பதிப்பாளருக்குத் துணையாகவும் வரும். உங்கள் நூலைத் திருட்டுத்தனமாக வெளிநாட்டில் அச்சிட்டு உள்ளே அனுப்புகிறார்கள் என்றால், காப்புரிமைச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி சுங்க ஆணையரிடம் எழுத்துமூலம் அறிவிக்கலாம். அவர்கள் தடுத்து நிறுத்துவார்கள். பதினான்கு நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவராவிட்டால் விட்டுவிடுவார்கள்.

வெளிநாட்டில் அச்சிட்டு இங்கே வெளியிட்டால்

வண்ணப் படங்கள் நிறைந்த குழந்தை நூல்களை வெளிநாட்டில் அச்சிடுவோர் உண்டு. ஒப்படைப்புச் சட்டம் பார்ப்பது எங்கே வெளியானது என்பதை. எங்கே அச்சானது என்பதை அல்ல. பதிப்பாளர் முகவரி மும்பை என்றால் சுங்க வரியும் கட்ட வேண்டும், நான்கு பிரதிகளும் கொடுக்க வேண்டும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும் நாள்கள் கெடுவில் சேராது. விற்பனை தொடங்கிய நாளிலிருந்தே கணக்கு. விடுவித்த முதல் பெட்டியைத் திறந்தவுடன் நான்கை எடுத்து வையுங்கள். யாழ்ப்பாணப் பதிப்பாளர் வெளியிட்டதை நீங்கள் வாங்கி விற்றால் உங்களுக்கு இந்தக் கடமை இல்லை.

கெடு கடந்த நூல்கள்

முப்பது நாள் போய்விட்டது என்பதற்காக அனுப்பாமல் விடாதீர்கள். தாமதமாக வந்த நூலை நூலகம் வாங்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. அதே கடிதத்தில் வெளியான ஆண்டை உள்ளபடி எழுதி, அதே நான்கு முகவரிகளுக்கும் அனுப்பலாம். நான்கு பிரதிகள் மிஞ்சவில்லை என்றால் முதலில் கொல்கத்தா, அடுத்து கன்னிமாரா. சங்கத்தின் பழைய மலர்களில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் அதைத் தபாலில் விடவே விடாதீர்கள். நல்ல முறையில் வருடி எடுத்து மின்படியாக்கி, படியைப் பிறரிடம் கொடுத்து, மூலத்தைச் சங்க அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் வையுங்கள். அலமாரி தரைத் தளத்தில் இருந்தால் கீழ்த் தட்டில் வைக்க வேண்டாம். சயானிலும் மாட்டுங்காவிலும் ஜூலை மாதத் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.